இடது கால் முக்கால் அங்குலம்

காலை ஆறரை மணிக்கே அந்த மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர், இரண்டும் கிடைக்காமல் முன்னால் நிற்பவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர். மொத்தம் நாற்பத்திரண்டு படிகள். ஏறி முடித்தால் இரண்டாவது மாடியில் 'மூட்டு யோக நிலையம்'. மூட்டுவலிக்காரர்களை மாடிக்கு வரவழைத்து வைத்தியம் பார்க்கும் துணிச்சல் அதை நடத்தும் மூட்டு மாஸ்டரைத் தவிர வேறு யாருக்கு வரும்? லிப்ட் இருந்தது. அதன் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டையும் இருந்தது. லிப்டைவிட அட்டைதான் ஒழுங்காக வேலை பார்த்தது.

வந்தவர்களுக்குத் தலைக்குத் தலை வேறு வேறு நோய். ஒருவருக்குக் கழுத்து, ஒருவருக்குத் தோள்பட்டை, ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, ஒருவருக்கு முழங்கால் தேய்மானம். ஆனால் மாஸ்டரிடம் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"உங்க இடது கால் குட்டை. முக்கால் அங்குலம்."

கால் குட்டையானால் இடுப்பு சாயுமாம். இடுப்பு சாய்ந்தால் முதுகு கோணுமாம். முதுகு கோணினால் தோள் இறங்கி, தோள் இறங்கினால் கைவிரல்வரை வீங்குமாம். வைத்தியம் இதைவிடச் சுலபம். நிலையத்தில் கொடுக்கும் தடிமனான துணி பூட்ஸைப் போட்டுக்கொண்டு பாயில் மல்லாக்கப் படுக்க வேண்டும். கண்ணை மூடி நூறு மூச்சு எண்ண வேண்டும். மாஸ்டர் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து எல்லோருக்கும் காட்டுவார். சுற்றி நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆமாம், குட்டைதான்! பிறகு மூன்று ஆசனம். மறுபடி குதிகாலைச் சேர்த்துப் பிடிப்பார். என்ன ஆச்சரியம், இரண்டும் சமம்! கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

வளர்ந்த கால் ஏன் மறுநாள் மறுபடி குட்டையாகிறது என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே. அதற்கும் பதில் தயாராக இருந்தது. "மாத்திரை போடறீங்கள்ல? அதான் சுருங்குது. மொதல்ல அத நிறுத்துங்க."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். கேட்பவர்கள் வரிசை நாற்பத்திரண்டு படிகளைத் தாண்டித் தெருவில் வளைந்து நின்றது. அந்த வரிசையில் நம் தையல்காரரும் நின்றார்.

இவர் யாரென்று சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷமாகப் பேண்ட் தைப்பவர். ஊரில் பாதிப் பேரின் இடுப்பும் காலும் அவர் நோட்டில் இருந்தன. ஆள் நடந்து கடைக்குள் வரும்போதே "முப்பத்தெட்டு, நாப்பது" என்று நீளத்தையும் இடுப்பையும் சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட மனிதரைக் கால் அளவில் ஏமாற்றுவது, மீனுக்கு நீச்சலில் குறை சொல்லி நம்ப வைப்பது மாதிரி. நம்பினார். பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார்: "என்னை மாதிரி முட்டாள் ரெடிமேடா கிடைக்க மாட்டான். ஆர்டர் கொடுத்துத்தான் தைக்கணும்."

நம்பியதற்கு ஒரு நியாயமும் இருந்தது. நாள் முழுக்க மெஷினில் குனிந்து குனிந்து அவர் முதுகு பிடித்திருந்தது. நிலையத்தில் பத்து நாள் கை காலை நீட்டி மடக்கி, முதுகை வளைத்து நிமிர்த்தியதில் பிடிப்பு விட்டது. விடாமல் என்ன செய்யும்? இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முதுகு நிமிர்ந்திருக்கிறது. ஆனால் தையல்காரர் நன்றியை நிமிர்ந்த முதுகுக்குச் சொல்லவில்லை, வளர்ந்த காலுக்குச் சொன்னார்.

மறுநாள் கால் மறுபடி குட்டையாகியிருக்குமே என்று, நிலையத்துக்குப் போகும் முன் கடையில் தன் இடது காலை அளந்தார். முப்பத்தொன்பது. வலது காலை அளந்தார். முப்பத்தொன்பது. இன்னொரு முறை அளந்தார். அதேதான். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சிரித்துவிட்டு எழுந்திருப்பார்கள். தையல்காரருக்குத்தான் தொழில் ஞானம் தடுத்தது. துணி டேப் நாளாக நாளாக நீண்டுவிடும் என்பது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். 'டேப் கெட்டுப்போச்சு' என்று முடிவு செய்து அதைத் தூக்கிக் குப்பையில் போட்டார். புது டேப் வாங்கினார். அதுவும் முப்பத்தொன்பது காட்டியது. 'இப்பல்லாம் சரக்கே மட்டம்' என்று அதையும் போட்டார். மூன்றாவது டேப்பும் அதே பாட்டைப் பாடியபோது அளப்பதையே விட்டுவிட்டார்.

அடுத்து கத்தரிக்கோலை எடுத்தார். தன் நான்கு பேண்ட்டிலும் இடது காலை மட்டும் முக்கால் அங்குலம் குறைத்தார். கால் குட்டை என்றால் பேண்ட் தரையில் புரளாதா? அதைப் பார்த்து நிலையத்தின் மற்ற அன்பர்களும் வந்தார்கள். தலைமை ஆசிரியர் வந்தார், பேங்க் கேஷியர் வந்தார், சிமெண்டுக் கடைக்காரர் தன் இரண்டு மகன்களோடு வந்தார். ஒரே மாதத்தில் அந்தத் தெருவில் இடது கணுக்கால் தெரிய நடப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள்: "பாருங்க, பேண்ட்டே ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. கால் குட்டைங்கறது நெசம்தான்."

துணி பூட்ஸ் தைக்கும் ஆர்டரும் அவருக்கே வந்தது. மாஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "எல்லார் பாதத்துக்கும் ரெண்டு விரல் பெரிசா இருக்கணும். அடியில நல்லாப் பஞ்சு வைங்க. சக்தி நடமாட இடம் வேணும்." தையல்காரர் பயபக்தியோடு இரண்டு விரல் விட்டு, நாற்பது ஜோடி தைத்துக் கொடுத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் அந்தச் சூனியத்துக்கு ஓரம்கூட அடித்துக் கொடுத்தார்.

இதுவரை நடந்தது வெறும் கோமாளித்தனம். பேண்ட் குட்டையானால் யாருக்கும் உயிர் போகாது. ஆனால் வீட்டில் அவர் மனைவி இருந்தார்.

கடையில் காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, ஓரம் மடித்துக் கையால் தைப்பது எல்லாம் அந்த அம்மாள்தான். மூன்று வருஷமாக அவருக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் கைவிரல் மூட்டெல்லாம் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மடங்காது. ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்து, ரத்தம் சோதித்து, அளவு மாற்றி, ஒரு வழியாக வீக்கத்தை அடக்கி வைத்திருந்தார். "நல்லா இருக்கேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. உள்ளுக்குள்ள மூட்டு அரிச்சுடும். அரிச்ச மூட்டு திரும்ப வராது" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

தையல்காரர் மனைவியை மாடிக்கு அழைத்துப் போனார். மாஸ்டர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. "இடது கால் முக்கால் அங்குலம்" என்றார்.

மாத்திரையை நிறுத்த அந்த அம்மாளுக்கு மனமில்லை. "டாக்டர் அவ்ளோ சொல்லியிருக்காருங்க" என்றார். தையல்காரர் கேட்பாரா? "டாக்டர் உன் காலை என்னிக்காவது அளந்திருக்காரா? மூணு வருஷமாப் பாக்கறாரு, கால் குட்டைன்னு அவருக்குத் தெரிஞ்சுதா?" என்று மடக்கினார். மறுநாள் மாத்திரை டப்பாவை எடுத்து, வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தார். நல்லது செய்வதாகவே நினைத்தார். அதுதான் இந்தக் கதையில் பெரிய வேதனை.

நான்கு மாதம் ஓடியது. வலிக்கிறதென்று மனைவி சொன்னால், "கெட்டது வெளியேறுது, பொறுத்துக்க" என்பார். அது மாஸ்டர் சொல்லிக் கொடுத்த வசனம். வலி குறைந்தால் மாஸ்டர் ஜெயித்தார். வலி கூடினால் கெட்டது வெளியேறுகிறது, அப்போதும் மாஸ்டர்தான் ஜெயித்தார். மனைவி வலியைச் சொல்வதையே நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் காலை கடை திறக்கும் நேரம். உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டார்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

போனார். மனைவி தன் முழுக்கை ரவிக்கையின் கைப்பட்டியை நீட்டிக்கொண்டு நின்றார். "இந்தப் பொத்தானைப் போட்டு விடுங்க. விரல் வர மாட்டேங்குது."

பத்தாயிரம் பொத்தானுக்குக் காஜா எடுத்த கை அது. தையல்காரர் பொத்தானைப் போட்டுவிட்டார். மனைவியின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார். ஆனால் வாய் பழைய பாடத்தையே ஒப்பித்தது. "ஞாயித்துக்கிழமை மாஸ்டர் உன்னை மேடையில பேசச் சொல்லியிருக்காரு. மாத்திரை இல்லாம நாலு மாசம்னு சொல்லணும். ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு" என்றார் மனைவி. கணவரின் மானத்தை வாங்க அவருக்கு விருப்பமில்லை.

அன்று பதினொரு மணிக்கு லிப்ட் மெக்கானிக் பேண்ட் தைக்க வந்தான். வாயாடி. எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலையில் நடந்த விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன். செயற்கைக் கால் போட்டு, தெரியாதவர்கள் கண்டுபிடிக்க முடியாதபடி நடப்பான். தையல்காரரின் நோட்டில் பல வருஷமாக அளவு மாறாத ஒரே ஆள் அவன்தான்.

"என்னண்ணே இது, மூலையில மலையாட்டம் பேண்ட்டு?"

"நிலையத்துக்காரங்களோடது. ஒரு கால் குறைக்கணும்."

"எந்தக் கால்?"

"இடது."

அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். "இது?" "இடது." "இது?" "அதுவும் இடது." "இந்தப் பெரிய வயித்துக்காரருக்கு?" "அவருக்கும் இடதுதான்ப்பா."

"ஏண்ணே, வலது கால் குட்டையானவன் ஒருத்தன்கூட இந்த ஊர்ல பொறக்கலையா?"

தையல்காரரிடம் பதில் இருந்தது. "இதயம் எந்தப் பக்கம் இருக்கு? இடது பக்கம். பாரம் அந்தப் பக்கம்தானே அழுத்தும்?"

"இது மாஸ்டர் சொன்னாரா?"

"இல்ல. நானே கண்டுபிடிச்சேன்" என்றார் தையல்காரர், பெருமையாக.

மெக்கானிக் கையிலிருந்த பேண்ட்டை மூலையில் போட்டான். "அந்த லிப்டை ரிப்பேர் பண்ணித் தரேன்னு போன் பண்ணினேன்ணே. வேணாம்னுட்டாங்க. ஏன்னு இப்பப் புரியுது. நெசமாவே முடியாதவன் மாடி ஏற மாட்டான். ஏறி வர்றவன் கொஞ்சம் தேவலையா இருக்கறவன். அவங்கள வெச்சுக் குணமாயிடுச்சுன்னு சொல்றது என்ன கஷ்டம்? சரி, நீங்க அளந்தே பாக்கலையா?"

தையல்காரர் தயங்கித் தயங்கி டேப் கதையைச் சொன்னார். இரண்டு டேப்பைத் தூக்கிப் போட்டு, மூன்றாவதோடு அளப்பதையே விட்ட கதை.

"டேப் நீண்டு போச்சுன்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"நீண்ட டேப்பால அளந்தா ரெண்டு காலும்தானேண்ணே தப்பா வரும்? ஒரு காலுக்கு மட்டும் எப்படி நீளும்?"

தையல்காரர் மேஜைமேல் கிடந்த டேப்பை எடுத்துப் பார்த்தார். இருபத்தாறு வருஷத் தொழில் ஒரு நிமிஷத்தில் முகத்தில் வந்து அடித்தது. ஆனாலும் நம்பிக்கை லேசில் சாகுமா? குதித்தெழுந்தார்.

"வாய் வேணாம்ப்பா. ஞாயித்துக்கிழமை வா. உன்னைப் புது ஆளுன்னு கூட்டிட்டுப் போறேன். இது மனுஷக் காலே இல்லன்னு மாஸ்டர் ஒரு நொடியில கண்டுபிடிச்சுச் சொல்லுவாரு. அப்புறம் நீ இந்தப் பக்கம் பேசவே கூடாது."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"கண்டுபிடிப்பாரு."

"கண்டுபிடிக்கலைன்னா அண்ணிக்கு மறுபடி மாத்திரை ஆரம்பிக்கணும். நிறுத்தினது தெருவுக்கே தெரியும். சம்மதமா?"

மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். தையல்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல் "சம்மதம்" என்றார்.

மெக்கானிக் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தான். "இது நீளாது. அளங்க." முழங்கால் பட்டையிலிருந்து குதிகால்வரை தையல்காரர் அளந்தார். பதினேழு அங்குலம். நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அறுபது பேர். 'அனுபவம் பேசும் நாள்' என்று சுவரில் பெரிய தாள் ஒட்டியிருந்தார்கள். தலைமை ஆசிரியர் பேசினார். இப்போதெல்லாம் படி ஏறும்போது முழங்கால் வலி தெரிவதில்லை என்றார். நடுநடுவே முழங்காலைத் தடவிக்கொண்டார். கேஷியர் பேசினார். மூன்றாவதாகத் தையல்காரரின் மனைவி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு புது ஆளுக்கு நேரடி வைத்தியம் என்று அறிவித்தார்கள்.

மெக்கானிக் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டான். தையல்காரர் முன்னால் நின்று மறைத்தார். 'கண்டுபிடிச்சிடணும், கண்டுபிடிச்சிடணும்' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார்.

"என்ன தொந்தரவு?" என்றார் மாஸ்டர்.

"இடது கணுக்கால்ல வலி மாஸ்டர். எட்டு வருஷமா."

மாஸ்டர் கண்ணை மூடித் தலையாட்டினார். "மாத்திரை?"

"கணுக்காலுக்கு நான் ஒரு மாத்திரைகூடப் போட்டதில்ல மாஸ்டர்."

"அருமை. சீக்கிரம் வளரும்." படுக்க வைத்தார். மூச்சு எண்ணச் சொன்னார். இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். "பாத்தீங்களா? இடது கால் முக்கால் அங்குலம் குட்டை. கணுக்கால் ஜவ்வு வத்திப்போச்சு. எட்டு வருஷமா ரத்தமே போகல."

ரத்தம் போகவில்லை என்பது மட்டும் சத்தியமான வார்த்தை.

மூன்று ஆசனம் முடிந்தது. மாஸ்டர் மறுபடி குதிகாலைப் பிடித்தார். சமம்! "முக்கால் அங்குலம் வளர்ந்தாச்சு. ஜவ்வு ஊறுது. கணுக்கால்ல ஒரு சூடு தெரியுதா?"

"ஜிவுஜிவுன்னு இருக்கு மாஸ்டர்."

"வலி?"

"சுத்தமாப் போச்சு."

கைதட்டல் எழுந்தது. கைதட்டாத ஒரே ஆள் தையல்காரர். மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தான். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினான். பட்டையை அவிழ்த்தான். பூட்ஸோடு காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"மாஸ்டர், இது வளருதுன்னு செஞ்ச கம்பெனிக்கே தெரியாது. நான் சொல்லி அனுப்பட்டுமா?"

பின்வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். ஐந்து நொடி இருக்கும். பிறகு தலைமை ஆசிரியர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. தழுதழுத்த குரலில் சொன்னார்:

"பிளாஸ்டிக் காலையே வளர்த்துட்டாரே! மனுஷக் காலுக்குக் கேக்கணுமா?"

மறுபடியும் கைதட்டல்! முன்னதைவிடப் பலமாக! சந்தேகப்படுபவனைக்கூடச் சமாளித்துவிடலாம், இந்தப் பக்தனை என்ன செய்வது? மாஸ்டர் கையை உயர்த்திக் கூட்டத்தை ஆசீர்வதித்தார். பிழைக்கத் தெரிந்தவர்.

தையல்காரர் மெக்கானிக்கின் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தார். எல்லோர் முன்னிலையிலும் அந்தக் காலை அளந்தார். "பதினேழு" என்று கத்தினார். "வரும்போதும் பதினேழு, இப்பவும் பதினேழு!"

"நம்பிக்கை இல்லாத கை அளந்தா சக்தி சுருங்கிடும்" என்றார் மாஸ்டர், சிரித்த முகம் மாறாமல். "அடுத்து நம்ம அம்மா பேசுவாங்க. மாத்திரை இல்லாம நாலு மாசம்!"

தையல்காரரின் மனைவி முன்னால் வந்தார். யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். விரல் மடங்காததால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டார். கணவரை ஒரு முறை பார்த்தார்.

"எனக்குக் கால்ல வலியே கிடையாதுங்க" என்றார். "கைதான் வலிக்குது. நாலு மாசமா இங்க யாரும் என் கையத் தொட்டுப் பாக்கல. காலத்தான் பாத்தாங்க."

அவ்வளவுதான் பேசினார். மைக் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவும் அவரால் முடியவில்லை.

தையல்காரருக்குள் ஏதோ அறுந்தது. விறுவிறுவென்று போய் கேஷியரின் தோளைப் பிடித்தார். "சார், படுங்க." கேஷியர் மிரண்டுபோய்ப் படுத்தார். தையல்காரர் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் பாருங்க. இந்த பூட்ஸ் நான் தெச்சது. பாதத்தைவிட ரெண்டு விரல் பெரிசு. அடியில பஞ்சு. இப்பப் பாருங்க, என் வலது கையால இடது பூட்ஸை உள்ள தள்றேன். கால் குட்டை! இப்ப வெளிய இழுக்கறேன். கால் நெட்டை! வலது கால் வேணுமா? இந்தா, அதுவும் குட்டை! மாஸ்டர் வலது கைக்காரர். கால்மாட்டுல உக்காந்தா வலது கைக்கு வர்றது நம்ம இடது கால். அதனாலதான் ஊருக்கே இடது கால் குட்டை. எனக்கு ஆசனமும் தெரியாது, மூச்சும் தெரியாது. நான் ஒரு முட்டாள் தையல்காரன். என்னாலயே வளர்க்க முடியுது பாருங்க!"

முதலில் சிமெண்டுக் கடைக்காரரின் சின்ன மகன் சிரித்தான். பிறகு அவர் சிரித்தார். பிறகு ஆளாளுக்குத் தங்கள் பூட்ஸைத் தள்ளியும் இழுத்தும் பார்த்தார்கள். கூடமே உட்கார்ந்து காலை வளர்த்தது, சுருக்கியது. சிரிப்பு அடங்கியபோது தையல்காரர் கேட்டார்: "எத்தனை பேர் மாத்திரைய நிறுத்தினீங்க? கையத் தூக்குங்க." பதினேழு கைகள் உயர்ந்தன. முதல் கை தலைமை ஆசிரியருடையது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டரைத் தேடினார்கள். "எதிர்மறைச் சக்தி அதிகமாயிடுச்சு" என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கப் படி வழியாகப் போய்விட்டாராம். நல்ல வேகமாக இறங்கினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவருக்கு இரண்டு காலும் சமம்.

மறுநாள் ஆஸ்பத்திரி மூட்டு வைத்தியப் பிரிவில் வழக்கத்தைவிடக் கூட்டம். தெரிந்த முகங்கள்தான். ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த கண்சொட்டு மருந்து விளம்பரத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: "மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?" ஒவ்வொருவரும் ஒரே பதில் சொன்னார்கள்: "மாஸ்டர்."

தையல்காரரின் மனைவியின் முறை வந்தது. டாக்டர் அந்தக் கையைத் தன் கையில் வாங்கினார். ஒவ்வொரு மூட்டாக மெல்ல அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே படம் எடுத்துவரச் சொல்லி அதையும் பார்த்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"இந்த ரெண்டு விரல் இனிமே பழையபடி நேராகாதும்மா. மத்த எட்டையும் காப்பாத்தலாம். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். பக்கத்து அறையில பயிற்சி சொல்லித் தருவாங்க, தினமும் பண்ணுங்க."

"என்ன பயிற்சிங்க?"

"கையை, தோளை மெதுவா நீட்டி மடக்கறது. யோகாதான். விறைப்பு குறையும், தசைக்குப் பலம் வரும். நல்லது. ஆனா வீக்கத்தை அது மட்டும் அடக்காது, அதுக்கு மாத்திரை வேணும். அரிச்ச மூட்டை ரெண்டுமே திருப்பித் தராது."

இந்த நான்கு மாதத்தில், எது நடக்காது என்று அவர்களிடம் சொன்ன முதல் ஆள் அந்த டாக்டர்தான். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நிறுத்தச் சொன்னது யாரு? மாஸ்டரா?"

மனைவி ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். தையல்காரர் முந்திக்கொண்டார்.

"நான்தான் டாக்டர். அவரு சொன்னாரு, சரி. ஆனா இவ மாட்டேன்னா. டப்பாவ எடுத்து ஒளிச்சு வெச்சது நான். வலிக்குதுன்னு அழுதப்ப நல்லதுன்னு சொன்னதும் நான்தான்."

டாக்டர் சீட்டு எழுதினார். மனைவி வளையாத விரல்களால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி மன்னித்ததா, நடக்கத் துணை தேடியதா என்று தையல்காரருக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் தைரியம் இல்லை.

இப்போது அவர் கடைக்கு யார் வந்து, இன்ன இடத்தில் இன்னார் தொட்டாலே வலி போகிறதாம் என்று ஆரம்பித்தாலும், அளவெடுப்பதை நிறுத்திவிட்டு இந்தக் கதையைத் தன் வாயாலேயே சொல்கிறார். தன்னைத் திட்டிக்கொள்ளும் இடங்களில் நன்றாகவே சிரிக்க வைக்கிறார். கேட்பவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "அந்த மாஸ்டர் மோசம்தான், ஆனா இவர் அப்படியில்லீங்க" என்கிறார்கள். அப்போது அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவர்களை ஒன்றே ஒன்று கேட்கிறார்:

"எனக்குப் புத்தி வர என் பெண்டாட்டியோட ரெண்டு விரல் போச்சு. உங்களுக்குப் புத்தி வர யாரோட விரல் போகணும்?"